கோமதி திருத்திய பதினோரு பதிவுகள்

செய்தி வந்தபோது நான் ஒரு கூட்டத்தில் இருந்தேன். கைப்பேசி மேசைமேல் அதிர்ந்தது. கோமதியின் கணவர் சண்முகம். அவர் என்னை அழைப்பது வழக்கமில்லை என்பதால் எழுந்து தாழ்வாரத்துக்குப் போனேன். "மூர்த்தி, கோமதி போயிட்டா. காலைல குளிச்சிட்டு வந்து நெஞ்சு வலிக்குன்னா. ஆஸ்பத்திரி வாசல்ல ஆட்டோ நிக்கதுக்குள்ள முடிஞ்சிட்டு" என்றார். நான் "அச்சா, அச்சா" என்றேன். நல்லது, சரி என்பதற்கான இந்தி; பல வருட டெல்லி வாழ்க்கையில் எதைக் கேட்டாலும் வாயில் வந்து விழுகிற சொல் அது. ஒரு சாவுச் செய்திக்கும் அதையே சொன்னோம் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. சண்முகம் அதைத் தவறாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். அவரும் டெல்லிக்காரர்தான்.

மோதி பாக் குடியிருப்பில் இருக்கும் உங்களில் பலருக்குக் கோமதியை அடுத்த வீட்டுக்காரராகத் தெரியும். யாருக்குச் சர்க்கரை என்றாலும் அவரிடம் போய் என்ன சாப்பிடலாம் என்று கேட்டிருப்பீர்கள். எனக்கு அவரை வேலையில்தான் தெரியும். ஒரே ஆய்வில் நான்கு ஆண்டுகள் சேர்ந்து வேலை பார்த்தோம். அந்த நான்கு ஆண்டுகளைப் பற்றி எழுதித் தரும்படி சண்முகம் கேட்டார். அவருக்குத் தெரியாத சிலவும் இதில் இருக்கின்றன. படித்துக் காட்டினேன். இருக்கட்டும் என்றார்.

முதலில் அந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். நம் உடம்பின் எல்லா உயிரணுக்களிலும் ஒரே டி.என்.ஏ.தான் இருக்கிறது. அதில் எந்தப் பகுதி வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்பதைக் காட்ட அதன்மேல் மெத்தில் என்ற சிறு வேதிக் குறிகள் ஏறிக்கொள்கின்றன. வயதாக ஆக, நல்ல ஆரோக்கியமான குடலிலும் சில இடங்களில் இந்தக் குறிகள் கூடிக்கொண்டே போகும். குறிகளைச் செய்வதற்கான பொருள் கீரை, பருப்பு போன்றவற்றில் உள்ள ஃபோலேட் என்ற வைட்டமினிலிருந்து கிடைக்கிறது. அப்படியானால் வைட்டமின் அதிகம் சாப்பிடுகிறவர்கள், குறைவாகச் சாப்பிடுகிறவர்கள் ஆகியோரின் குடலில் இந்தக் குறிகள் வேறுபடுமா? இதுதான் கேள்வி. நோய் வந்த குடலைப் பலர் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். எங்களுக்கு வேண்டியது நோயில்லாத குடல்.

மருத்துவமனையில் எங்கள் பிரிவின் தலைவர் டாக்டர் சேத்தி குடல் மருத்துவர். ரத்தப்போக்கு இருக்குமோ என்ற சந்தேகத்தில் வந்து, குழாய் விட்டுப் பார்த்து, குடலில் ஒன்றுமில்லை என்று தெரிந்தவர்களிடம் அனுமதி கேட்டுக் கடுகளவு சதை எடுப்பார். அந்தச் சதையில் மெத்தில் குறிகளை அளப்பது என் வேலை. ரத்தத்தில் வைட்டமின் எவ்வளவு என்று பார்ப்பதும் நான்தான். அந்த மனிதர் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டு எழுதுவது கோமதியின் வேலை.

இதில் மிகச் சுலபமான பங்கு அவருடையது என்று நான் நினைத்திருந்தேன். அவர் சேர்ந்த இரண்டாம் வாரம் அந்த எண்ணம் போயிற்று. அமைச்சகம் ஒன்றில் எழுத்தராக இருந்தவர் வந்திருந்தார். தினமும் பாலக் கீரை சாப்பிடுகிறேன் என்றார். நானாக இருந்தால் எழுதிக்கொண்டு அனுப்பியிருப்பேன். கோமதி அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போனார். அவருடைய பையில் மூன்று அளவு எவர்சில்வர் கிண்ணங்கள், இரண்டு கரண்டிகள், அளவு காட்ட அட்டையில் வெட்டிய சிறிதும் பெரிதுமான ரொட்டிகள் எப்போதும் இருக்கும். அவற்றைப் பரப்பி வைத்துக்கொண்டு, நேற்று எழுந்ததிலிருந்து என்னென்ன சமைத்தீர்கள் என்று அந்த எழுத்தரின் மனைவியிடம் கேட்டிருக்கிறார். பாலக் பேச்சே வரவில்லை. கடைசியில் இவரே கேட்டதற்கு அந்த அம்மாள் சிரித்துவிட்டாராம். தன் கணவருக்குப் பாலக் என்றால் பிடிக்காது, வீட்டில் வாங்குவதே கிடையாது என்றாராம்.

திங்கட்கிழமை கோமதி என் அறைக்கு வந்து இதைச் சொன்னார். "அவர் பொய் சொல்லல, மூர்த்தி சார். நான்தான் 'கீரை சாப்பிடுவீங்களா'ன்னு கேட்டேன். ஆஸ்பத்திரில கேட்டா யாரு இல்லன்னு சொல்லுவா? கேள்விக்குள்ள பதிலை வச்சுக் கேட்டா, நம்ம பதில்தான் நம்மகிட்டத் திரும்பி வரும், பாத்துக்கிடுங்க." அவருடைய திருநெல்வேலிப் பேச்சை டெல்லி அசைக்கவே இல்லை. சேத்தியிடம் இந்தி பேசும்போதுகூட அந்த இழுப்பு இருக்கும்.

இரண்டாம் ஆண்டில் ஜங்புராவை ஒட்டி, தமிழர்கள் வாழும் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பிலிருந்து சில பெண்கள் வந்தார்கள். கடுமையான ரத்தசோகை. குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்க்க அந்தப் பகுதி டிஸ்பென்சரியின் நர்ஸ் அனுப்பியிருந்தார். குடல் எல்லோருக்கும் நன்றாகவே இருந்தது. ஆய்வுக்குச் சம்மதம் வாங்க வேண்டும். தமிழ் தெரிந்தவர்கள் என்று என்னையும் கோமதியையும் அனுப்பினார்கள். நான் மெத்தில் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். செந்தாமரை என்ற பெண் கொட்டாவி விட்டார். நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்திருந்தார். கோமதி என்னை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார்.

"ஸ்விட்ச் போர்டுல ஒரு ஸ்விட்சத் தொடக்கூடாதுன்னா என்ன செய்வீங்க? மேல ஒரு டேப்ப ஒட்டிருவோம்லா? அது மாதிரி ஒடம்புக்குள்ளயும் ஒட்டியிருக்கு. வயசாக ஆக, ஒட்டக் கூடாத எடத்துலயும் ஒட்டிக்கிடுது. நாம சாப்பிடுதது அதைக் கூட்டுதா கொறைக்கான்னு பாக்கணும்."

"அதுக்கு அங்கேருந்தா சதை எடுப்பாங்க?" என்று செந்தாமரை கேட்டார். மற்ற பெண்கள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். கோமதியும் சிரித்தார். "ஆமா, அங்கேருந்துதான். வலிக்காது. வேண்டாம்னாலும் ஒண்ணும் இல்ல, வைத்தியம் நடக்கும்." பதினோரு பேர் சம்மதித்தார்கள்.

பிறகு கோமதி கேம்ப்புக்குப் போய் உணவுப் பதிவுகள் எடுத்தார். வழி தெரியாததால் டிஸ்பென்சரி நர்ஸ் கூடப் போனார். டிஸ்பென்சரியில் கொடுக்கும் இரும்பும் ஃபோலேட்டும் சேர்ந்த மாத்திரைகளைத் தினமும் சாப்பிடுவதாகப் பதினோரு பேரும் சொன்னார்கள். அப்படியே பதிவாயிற்று.

நான்காம் ஆண்டில் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தப் பதினோரு பேரும் தனியே நின்றார்கள். அவர்களுடைய குடல் சதையில், அதே வயதுள்ள மற்றவர்களைவிட மெத்தில் குறிகள் கூடுதலாக இருந்தன. பதிவின்படி அதிகம் வைட்டமின் சாப்பிட்டவர்களும் அவர்கள்தான். டாக்டர் சேத்தி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தது நினைவிருக்கிறது. நல்லது என்று நாம் கொடுக்கும் மாத்திரை ஆரோக்கியமான குடலை முதுமையாக்குகிறதா? இது உண்மையானால் பெரிய செய்தி. வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றுக்கு அனுப்ப உடனே ஆய்வுச் சுருக்கம் எழுதச் சொன்னார். அதில் முதல் பெயர் என்னுடையது. எனக்குப் பதவி உயர்வு நேர்காணல் வரவிருந்த சமயம்.

ஒரு சிக்கல் இருந்தது. அந்தப் பெண்களின் ரத்தத்தில் ஃபோலேட் மிகக் குறைவாக இருந்தது. தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்களின் ரத்தம் அப்படி இருக்க முடியாது.

சேத்தி என்னிடம் கேட்டார். "மூர்த்தி, மே மாதம் கரண்ட் போனதே, ஃப்ரீசரில் ரத்தம் கெட்டிருக்குமோ?" உருகி மறுபடி உறைந்த ரத்தத்தில் ஃபோலேட் சிதைந்துபோகும். மின்சாரம் போன மறுநாள் காலையிலேயே நான் ஃப்ரீசரின் பதிவேட்டைப் பார்த்திருந்தேன். ஜெனரேட்டர் சரியான நேரத்தில் ஓடியிருந்தது. மணிக்கு ஒருமுறை குறித்த வெப்பநிலையில் ஒரு மாற்றமும் இல்லை. ரத்தம் கெடவில்லை என்று எனக்குத் தெரியும். நான் சொன்னது இதுதான்: "இருக்கலாம் சார். உறுதியாகச் சொல்ல முடியாது."

அப்படிச் சொன்னால் ரத்த அளவுகளை ஒதுக்கிவிட்டுப் பதிவுகளை நம்பலாம். சுருக்கம் போகும். அந்த வாக்கியத்தை நான் தெரிந்தே சொன்னேன். அதை இங்கே எழுதாமல் கோமதியைப் பற்றி எழுத முடியாது.

கோமதியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். மறுநாள் என்னிடம் வந்து, "கேம்ப்புக்கு ஒரு நடை போய்ட்டு வருவோமா?" என்றார். இருவரும் பஸ்ஸில் போனோம். இந்தமுறை நர்ஸ் இல்லை. பாராபுல்லா நாலா என்ற சாக்கடைக் கால்வாயின் ஓரமாக நடந்து போய்ச் செந்தாமரை வீட்டில் உட்கார்ந்தோம். கோமதி பையைத் திறக்கவில்லை, தாளும் எடுக்கவில்லை. பிள்ளைகள், தண்ணீர் லாரி என்று அரைமணி நேரம் பேச்சு ஓடியது. பிறகு, "மாத்திரை எங்க வச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார்.

செந்தாமரை கொஞ்சம் தயங்கினார். அலமாரி மேலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கி எங்கள் முன்னால் வைத்தார். உள்ளே மாத்திரை அட்டைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"அத முழுங்குனா வயித்தப் பொரட்டுதும்மா. காலைல கருப்பாப் போவுது. வாந்தியெடுத்துக்கினு நாலு வூட்டுக்கு வேலைக்கு எப்டிப் போறது?"

"அன்னைக்கு டெய்லி சாப்பிடுதேன்னு சொன்னீங்களே?"

"நர்ஸம்மா பக்கத்துல நிக்குது. இல்லன்னு சொன்னா அடுத்த வாட்டி சீட்டு குடுக்காது. நீங்களும் அம்மாந்தூரம் வந்து கேக்குறீங்க. எப்டி இல்லன்றது?"

அன்று மாலைவரை மற்ற பத்து வீடுகளுக்கும் போனோம். இரண்டு பேர் எப்போதாவது சாப்பிட்டிருந்தார்கள். மற்றவர்கள் தொடவே இல்லை. யாரையும் கோமதி கடிந்துகொள்ளவில்லை. வெறும் வயிற்றில் போடாதீர்கள், ராத்திரி சோற்றுக்குப் பிறகு போடுங்கள், பழகிவிடும் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நர்ஸக் கூட்டிட்டுப் போனது நான்தான். கேள்வியும் என்னுது" என்றார். என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

அடுத்த நாள் சேத்திக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். பதினோரு பதிவுகளும் தவறு, தவறு எப்படி நேர்ந்தது, திருத்திய பதிவுகள் இவை, பொறுப்பு என்னுடையது என்று ஒரே பக்கம். சேத்தி கெட்டவர் அல்லர். ஆனால் அவர் அந்தச் சுருக்கத்தைப் பற்றி அதற்குள் நான்கு பேரிடம் பேசியிருந்தார். எங்களைக் கூட்டி வைத்து, "பாருங்கள் கோமதி ஜி, ஒருமுறை ஆம் என்கிறார்கள், இன்னொருமுறை இல்லை என்கிறார்கள். இரண்டாவதை மட்டும் நான் ஏன் நம்ப வேண்டும்?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ரத்தம் ஒழுங்காக இருந்திருந்தால் அதுவே சொல்லியிருக்கும். அதுவும் இல்லை."

ரத்தம் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பதிவும் சந்தேகம், ரத்தமும் சந்தேகம் என்று பதினோரு பேரையும் ஆய்விலிருந்தே நீக்கினார்கள். சுருக்கம் அனுப்பப்படவில்லை. ஆண்டு முடிவில் கோமதியின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. காரணம் என்று எதுவும் எழுதித் தரவில்லை. பதிவுகளில் கவனக்குறைவு என்ற பேச்சு மட்டும் பிரிவில் இருந்தது. எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கோமதி தனியார் மருத்துவமனை ஒன்றில் சர்க்கரை நோயாளிகளுக்கு உணவுப் பட்டியல் போட்டுத் தரும் வேலைக்குப் போனார்.

கட்டுரை ஒருவழியாக வெளிவந்தது. எங்கள் ஆய்வில், சாப்பிடும் வைட்டமினுக்கும் ஆரோக்கியமான குடலின் மெத்தில் குறிகளுக்கும் தெளிவான தொடர்பு எதுவும் தென்படவில்லை என்பதே அதன் முடிவு. கோமதிக்கு ஒரு பிரதி கொடுக்கப் போனேன். வாசலிலேயே வாங்கிப் புரட்டிவிட்டு, "கேம்ப்புல போய்ச் சொல்லியாச்சா?" என்றார்.

"என்ன சொல்றது? ஒண்ணும் தெரியலைன்னா?"

"சதையக் குடுத்திருக்காங்க. என்ன வந்துச்சுன்னு சொல்லணும்லா."

போனோம். கோயில் முன்னால் பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கோமதி தன் வழக்கப்படி எளிமையாகச் சொல்லி முடித்தார். செந்தாமரை கேட்டார்: "ஒண்ணும் தெரியலன்றத சொல்றதுக்கா இம்மாந்தூரம் வந்தீங்க?"

"ஆமா. தெரியலைங்கதும் ஒரு பதில்தான். அது ஒங்களுக்கும் சேரணும்."

"எங்களுது அதுல எங்க இருக்குது?"

கோமதி சொன்னார். "ஒங்க பதினோரு பேரோடதும் அதுல இல்ல. நான் மொதல்ல தப்பா எழுதிட்டேன். அதனால எடுத்துட்டாங்க." செந்தாமரை அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கட்டுரையின் பக்கங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டிய இடத்தில் நான் வாய் திறக்காதது அது இரண்டாவது முறை.

அதற்குப் பிறகும் நாங்கள் பேசிக்கொண்டுதான் இருந்தோம். பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போவோம். அவர் மகள் கல்யாணத்துக்கு நானும் என் மனைவியும் மூன்று நாட்கள் கூட இருந்தோம். சென்ற குளிர்காலத்தில் ஒருநாள் அவர் வீட்டு மொட்டைமாடியில் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். அவர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். ஏன் அன்றைக்குச் சொன்னேன் என்று தெரியாது. "ஃப்ரீசர் அன்னிக்கு நல்லாத்தான் இருந்தது" என்றேன்.

அவர் கை நிற்கவில்லை. "தெரியும். மீட்டிங் முடிஞ்ச அன்னைக்கே அந்தப் புஸ்தகத்த எடுத்துப் பாத்தேன்."

"அப்புறம் ஏன் என்னைக் கேக்கல? சேத்திகிட்ட ஏன் சொல்லல?"

"என் தப்ப நான் சொன்னேன். ஒங்கள்த நீங்கதான சொல்லணும்? நான் கேட்டா நீங்க ஒரு பதில் சொல்லுவீங்க. அது எனக்காகச் சொன்ன பதிலாத்தான் இருக்கும்."

எனக்கு வருத்தம் தெரிவிக்கத் தோன்றியது. சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. பட்டாணித் தோலை ஒதுக்கிவிட்டு, "அந்தப் பதினோரு பேரையும் சேத்துப் போட்டுப் பாருங்க. என்ன வருதுன்னு எனக்கும் தெரியணும்" என்றார். பார்க்கிறேன் என்றேன். வேலை, பயணம் என்று மாதங்கள் போய்விட்டன. அவர் நினைவூட்டவில்லை.

சடங்குகள் முடிந்த அடுத்த வாரம் பழைய கோப்புகளை எடுத்தேன். ஒரு நாள்கூட ஆகவில்லை, பிற்பகலுக்குள் முடிந்தது. கோமதியின் திருத்திய பதிவுகளும், கெடாத ரத்தத்தின் அளவுகளும் ஒன்றோடொன்று பொருந்தின. அந்தப் பதினோரு பேரையும் சேர்த்தால் வரைபடத்தில் கோடு சற்றே சாய்கிறது. வைட்டமின் குறைந்தவர்களிடம் குறிகள் கூடுதலோ என்று நினைக்கத் தோன்றும், ஆனால் துணிந்து சொல்லும் அளவுக்கு இல்லை. முடிவு மாறவில்லை. பதினோரு பேர் சேர்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஃப்ரீசர் பதிவேட்டைப் பற்றி டாக்டர் சேத்திக்கு எழுதினேன். ஓய்வுபெற்றுவிட்டார். தெரிவித்ததற்கு நன்றி என்று பதில் வந்தது.

சென்ற சனிக்கிழமை கேம்ப்புக்குப் போனேன். செந்தாமரைக்குத் தலை நரைத்திருந்தது. அடையாளம் கண்டுகொண்டு, "அந்தம்மா வரலியா?" என்றார். சொன்னேன். அவர் நின்ற இடத்திலேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு நான் கொண்டுபோன செய்தியைச் சொன்னேன். உங்கள் பதினோரு பேருடையதும் சேர்ந்துவிட்டது, அன்று விட்டுப்போனதற்கு அந்தம்மா மட்டும் காரணம் இல்லை, என் பொய்யும் காரணம் என்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தம்மா சொன்னப்புறம் மாத்திரைய நான் ஆறு மாசம் சாப்ட்டேன். அத அவங்கள்ட்ட சொல்லணும்னு இருந்தேன்" என்றார்.

ஒருவர் பதில் சொன்ன பிறகும் கோமதி உடனே எழுதமாட்டார். பேனாவைத் திறக்காமல் சும்மா உட்கார்ந்திருப்பார். நேரம் வீணாகிறது என்று ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருக்கும். அன்று நானும் சும்மா நின்றேன். நல்லது என்று சொல்லிக் கிளம்பிவிடவில்லை. உள்ளே யாரோ ரேடியோவை நிறுத்தினார்கள்.

செந்தாமரை தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆறு மாசம் இல்ல. ரெண்டு மாசந்தான்" என்றார்.

கோமதியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது பதில் வந்த பிறகும் காத்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான்.